அம்மாவோ அப்பாவோ வேறு வழிக்குப் போய்விட்டால்: பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அறுபதை நெருங்கும் வயதில் அம்மாவோ அப்பாவோ ஒரு சபையிலோ ஆசிரமத்திலோ சேர்ந்துவிட, மற்றவர்கள் திகைத்துப்போய் நிற்கும் குடும்பங்கள் சென்னையில் நிறைய. பெரம்பூரிலிருந்து தாம்பரம் வரை அப்படிப்பட்ட வீடுகளில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். என் வீடும் அதில் ஒன்று. பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவர்கள், சாமியாரிடம் தீட்சை வாங்கியவர்கள், தங்கள் மதத்துக்குள்ளேயே கடுமையான ஒரு பிரிவுக்கு மாறிய முஸ்லிம்கள், எந்த மதத்திலும் சேராத 'ஒளி உடல்' கோஷ்டி என்று எல்லா வகையும் உண்டு. பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான்.

இது ஆபத்தான குழுவா, வெறும் வேறு நம்பிக்கையா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஊர் வாயை வைத்து முடிவு செய்யாதீர்கள். வள்ளலார் 1865-ல் சன்மார்க்க சங்கம் தொடங்கிய காலத்தில் அவரைச் சுற்றியும் பெரிய சர்ச்சைதான். அவர் பாடியது அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இன்று தைப்பூசத்துக்கு வடலூரில் கூடுகிற கூட்டத்தில் அந்தச் சண்டை யாருக்கு ஞாபகம்?

கொள்கை எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, நடைமுறையைப் பாருங்கள். பணத்துக்கு ரசீது தருகிறார்களா? டாக்டரிடம் போகாதே என்கிறார்களா? சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போக யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதா? எல்லாவற்றையும்விட நான் நம்புகிற சோதனை ஒன்று உண்டு. அங்கிருந்து விலகிப்போன ஒருவரைப் பற்றிச் சாதாரணமாக விசாரியுங்கள். "அவங்க இப்ப வேற இடத்துக்குப் போறாங்க" என்று பதில் வந்தால் பரவாயில்லை. "அவங்களுக்குச் சாபம் பிடிச்சிருச்சு, அவங்க மகனுக்கு ஆக்சிடென்ட் ஆச்சு பாரு" என்று வந்தால் கொஞ்சம் கவலைப்படலாம்.

படித்தவர், ரிடையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். எப்படி ஏமாந்தார்?

'ஏமாந்தார்' என்று நாம்தான் சொல்கிறோம். அவருடைய ஒரு நாளைப் பாருங்கள். கணவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். மகன் நியூ ஜெர்சியில், மகள் பெங்களூரில். வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், பால் பாக்கெட், டி.வி., வாட்ச்மேன். அந்த வாழ்க்கைக்குள் தினமும் நாலு பேர் போன் போட்டு "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள். கண் ஆபரேஷனுக்கு ஒரு சகோதரி கூடவே வந்து ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நாம் கூகுள் பே-யில் பணம் அனுப்பியிருப்போம்.

மரியாதை என்ற கணக்கும் உண்டு. நாற்பது வருடம் கூட்டுக் குடும்பத்தில் சமையலறையிலேயே நின்ற பெண்ணுக்கு, அங்கே மைக் கொடுத்து "உங்க சாட்சியைச் சொல்லுங்க" என்கிறார்கள். சாதி காரணமாக எல்லா இடத்திலும் ஓரமாக உட்காரப் பழகிய ஒருவருக்கு முன்வரிசை நாற்காலி கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு இதைக் கேட்கப் பிடிப்பதில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் இது புரியாமல் அடுத்த கேள்விகள் எதற்கும் பதில் வேலை செய்யாது.

மூளைச்சலவை செய்துவிட்டார்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகலாமா?

மதம் மாறியதற்காக, முடியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மூன்றாம் பிரிவிலேயே இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒருவர் எந்த மதக் குழுவில் இருக்கிறார் என்பதையோ, தன் சமூகத்தின் மத நம்பிக்கைக்கு ஒத்துப்போகவில்லை என்பதையோ வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது. இதைத் தெரிந்துவைத்திருக்கும் டாக்டர் உங்களைத்தான் முதலில் உட்காரவைத்துப் பேசுவார்.

வேறொன்றைக் கவனியுங்கள். மாற்றம் மெல்ல மெல்ல, ஆட்களோடு பழகிப் பழகி வந்ததா? அல்லது ஒரே மாதத்தில் ஆளே மாறிவிட்டாரா? ராத்திரி தூக்கமே இல்லாமல் பேசிக்கொண்டிருப்பது, காதில் குரல் கேட்பது, பக்கத்து வீட்டுக்காரர் மேல் திடீர்ச் சந்தேகம், பணத்தை அள்ளி இறைப்பது, பழகின தெருவில் வழி தப்புவது எல்லாம் குழுவால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கினாலே பேச்சும் நினைவும் தடுமாறும். சிறுநீர்த் தொற்று, தைராய்டு, மன அழுத்தம், மறதிநோயின் ஆரம்பம் இவற்றுக்கும் இதே முகம் உண்டு. முதலில் குடும்ப டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை. அதற்கு மேல் தேவைப்பட்டால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது, அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு இருக்கிறது.

அந்தத் தலைவரைப் பற்றிய யூடியூப் வீடியோக்களை எல்லாம் அனுப்பினேன். ஒன்றுமே உறைக்கவில்லையே?

உறைக்காது. 1954-ல் அமெரிக்காவில் ஒரு சிறு குழு, டிசம்பர் 21-ஆம் தேதி பெருவெள்ளம் வந்து உலகம் அழியும், தங்களை மட்டும் வேற்றுக்கிரகக் கப்பல் வந்து காப்பாற்றும் என்று காத்திருந்தது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் ஆட்களை உள்ளே அனுப்பிக் கவனித்தார். வெள்ளமும் வரவில்லை, கப்பலும் வரவில்லை. சிலர் விலகினார்கள். ஆனால் வேலையை, சொத்தை எல்லாம் விட்டு ஒன்றாகக் காத்திருந்தவர்களில் பலர், தங்கள் பிரார்த்தனையால்தான் உலகம் தப்பியது என்று முன்பைவிடத் தீவிரமாகப் பிரசாரம் செய்யக் கிளம்பினார்கள். நிறைய இழந்தவருக்கு 'நான் தவறு' என்று ஒப்புக்கொள்வது அவ்வளவு கஷ்டம்.

உங்கள் அம்மாவும் ஏற்கெனவே சம்பந்தி வீட்டுப் பகை, அக்காவின் கோபம், பாதி நகை என்று விலை கொடுத்திருக்கிறார். நீங்கள் அனுப்புகிற ஒவ்வொரு வீடியோவும் அவரைத் தன் பக்கத்து வக்கீலாக்குகிறது. போதாக்குறைக்கு, "வீட்டுக்காரங்களே உங்களைத் துன்புறுத்துவாங்க" என்று அங்கே முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். நீங்கள் போய் அதை நிரூபிக்கிறீர்கள்.

அப்படியானால் எதைத்தான் பேசுவது?

சாதாரணமானதை. "இன்னிக்கு அங்க யார் யாரும்மா வந்தாங்க? என்ன சாப்பாடு?" என்று கேளுங்கள். குழுவின் சொற்களில் பேசாதீர்கள், கேலியாகக்கூட. "மாம்சம்", "உலகப்பிரகாரமானவங்க", "கர்மா கழியுது", "குரு பார்த்துப்பார்" மாதிரிச் சொற்கள் வந்துவிட்டால் அதோடு யோசனை நின்றுவிடும். சீனாவில் கருத்துமாற்ற முகாம்களில் இருந்தவர்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் ராபர்ட் லிஃப்டன், குழுவுக்கென்றே ஒரு தனி மொழி உருவாவதை 1961-லேயே ஓர் அடையாளமாகக் குறிப்பிட்டிருக்கிறார். நீங்கள் வீட்டுத் தமிழில் கேட்டால், அவரும் கொஞ்ச நேரத்தில் வீட்டுத் தமிழுக்கு இறங்கி வருவார். "அந்தச் சகோதரி சமையல்ல உப்பே இருக்காதுடா" என்று சொல்லிச் சிரித்தால் அன்றைக்கு அதுவே போதும்.

ஒரு தடவை கூடவே போய்ப் பாருங்கள். பின்வரிசையில் உட்காருங்கள். போன் நம்பர் கேட்பார்கள், கொடுக்க வேண்டாம் (எப்படியும் அம்மா கொடுத்திருப்பார்). யார் பேசுகிறார், காசு எப்படிச் சேர்க்கிறார்கள், அம்மா யாருக்குப் பயப்படுகிறார் என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். இங்கிருந்து கற்பனை செய்ததைவிடச் சாதுவான இடமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போதுமா சும்மா இருக்கச் சொல்கிறீர்கள்?

இல்லை. நம்பிக்கையில் விட்டுக்கொடுங்கள், மருந்தில் விடாதீர்கள். ஆனால் முதலில் ஏன் நிறுத்தினார் என்று பாருங்கள்.

கொளத்தூரில் ஒரு வீட்டில் கண்டது. ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டி. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் தொடாமல் அப்படியே இருந்தன. இரண்டும் உபவாச ஜெப நாள்கள். மகன் மாதக்கணக்காக "உன் பாஸ்டர் டாக்டரா?" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் அந்த அம்மாவைக் கேட்டபோது விசுவாசம் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. "சாப்பிடாம போட்டா படபடன்னு வந்து மயக்கமாயிடுது சார், அதான் போடறதில்ல" என்றார். சரியாகத்தான் சொன்னார். இன்சுலினோ சில வகை சுகர் மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போய் வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். டாக்டரிடம் மறைக்காமல் "வாரம் ரெண்டு நாள் உபவாசம்" என்று சொன்னார்கள். அவர் மருந்தையும் நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார். பாஸ்டரும் ஆட்சேபிக்கவில்லை, அவரே சுகர்காரர்.

ஏகாதசி, ரமலான், உபவாச ஜெபம் எதுவாக இருந்தாலும் இதே வழிதான். பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை இவற்றை ஒரே நாளில் நிறுத்துவது தனி ஆபத்து. அங்கே யாராவது உண்மையிலேயே "மருந்தைத் தூக்கிப் போடு" என்று சொல்கிறார்கள் என்றால் அந்த ஆளிடம் நேரில் போய், "நீங்க சொன்னதா அம்மா சொல்றாங்க. எழுதிக் கொடுங்க, டாக்டர்கிட்ட காட்டணும்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள். மந்திரம், தாயத்து, அற்புதம் என்று சொல்லிச் சர்க்கரை நோயும் புற்றுநோயும் குணமாகும் என்று விளம்பரம் செய்வது 1954-லிருந்தே மருந்துகள் மற்றும் மாய நிவாரணச் சட்டப்படி குற்றம். நோட்டீஸ், வாட்ஸ்அப் போஸ்டர் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

ஆபரேஷன். ரத்தம் ஏற்ற வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

யெகோவாவின் சாட்சிகள் ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள், அது அவர்களுடைய அடிப்படைக் கொள்கை. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளி மறுத்தால் அவர் மகன் சம்மதித்தும் பயனில்லை. 2018-ல் உச்சநீதிமன்றமும் சிகிச்சையை மறுக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே கடைசி நேரத்தில் ஐ.சி.யூ. வாசலில் கத்துவதைவிட முன்கூட்டியே சர்ஜனிடம் பேசுங்கள். ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே இரும்புச்சத்து ஏற்றி ஹீமோகுளோபினைக் கூட்டலாம். அறுவையின்போது வெளிவரும் அவருடைய சொந்த ரத்தத்தையே சுத்தம் செய்து திருப்பி ஏற்றும் கருவி சில ஆஸ்பத்திரிகளில் உண்டு. அதை ஏற்பதா வேண்டாமா என்பதை அவர்களில் ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்கிறார்கள், எனவே அம்மாவிடமே கேளுங்கள், சபை மூப்பர்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

வீட்டை எழுதி வைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

எல்லோரும் இதைத்தான் கேட்க வருகிறார்கள். ஆனால் மாத்திரை பற்றி முதலில் கேட்டுவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று இதைக் கேட்பார்கள்.

அம்மா சுயமாகச் சம்பாதித்த வீடு என்றால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பரம்பரைச் சொத்து வேறு. அதில் உங்கள் பங்கை அவர் எழுதிக் கொடுக்க முடியாது. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில் 1989-லிருந்தே மகள்களுக்கும் சம பங்கு உண்டு (அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு 2005-ல்தான் வந்தது). பத்திரத்தில் 'உயில்' என்றும் 'செட்டில்மென்ட்' என்றும் இரண்டு உண்டு. உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட், அதாவது தானப் பத்திரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதும் சொத்து கைமாறிவிடும். "எல்லாம் ஒண்ணுதான், ஒரு கையெழுத்து" என்று அழைத்துப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. பவர் பத்திரத்தில் சொத்து கைமாறாது, ஆனால் அதை வாங்கியவர் அம்மா பேரில் வீட்டை விற்க முடியும்.

செய்யக்கூடியது: பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். அவ்வப்போது பாருங்கள். மூலப்பத்திரத்தைப் பீரோவிலிருந்து அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்துவைக்காதீர்கள். அது தெரிந்த அன்றே "என் பிள்ளைங்களுக்குச் சொத்துதான் முக்கியம்" என்ற பிரசங்கம் உண்மையாகிவிடும். நேரடியாகவே பேசுங்கள்: "காணிக்கை உன் இஷ்டம்மா. பென்ஷன்ல எவ்வளவு வேணா குடு. வீடு மட்டும் நீ இருக்கற வரைக்கும் உன் பேர்லயே இருக்கட்டும்." இதைக் கேட்டுச் சம்மதித்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். தசமபாகம் என்றால் பத்தில் ஒன்று, அதற்கு மேல் கேட்டால் வேதத்திலேயே இல்லை என்று அவர்களே சொல்வார்கள். எதற்கும் ரசீது வாங்கச் சொல்லுங்கள். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகைகூட ரூ. 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, ஆகவே "செக்கா குடும்மா" என்று சொல்ல ஒரு நல்ல சாக்கும் இருக்கிறது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்ப வாங்க முடியுமா?

சில வழிகள் உண்டு, எதுவும் சுலபமில்லை. மற்றவர் மனத்தை ஆட்டிப்படைக்கும் நிலையில் இருப்பவர் அந்த நிலையைப் பயன்படுத்தி வாங்கியது செல்லாததாகலாம் என்று 1872-ன் ஒப்பந்தச் சட்டத்தின் 16, 19ஏ பிரிவுகள் சொல்கின்றன. மறுமைப் பலனுக்காகத் தன் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிக் கொடுத்த ஒரு முதியவரின் பத்திரத்தை 1890-லேயே அலகாபாத் உயர்நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது, ஆக இது புதுப் பிரச்சினையும் இல்லை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

அம்மாவுக்கு அறுபது தாண்டியிருந்து, "கடைசிவரை பார்த்துக்கொள்கிறோம்" என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்து, அவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், 2007-ன் மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வாங்கியவர் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் மனு கொடுக்க வேண்டியவர் அம்மா, நீங்கள் அல்ல. மூத்தோர் உதவி எண் 14567, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

போலீஸில் புகார் கொடுக்கலாமா? ஆளை வீட்டுக்குக் கொண்டுவர முடியாதா?

வயது வந்தவர் எங்கே இருப்பது, எதை நம்புவது என்பது அவருடைய முடிவு. நம்பிக்கைச் சுதந்திரம் அரசியல் சாசனம் 25-ஆம் பிரிவு எல்லோருக்கும் தரும் உரிமை. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2002-ல் வந்தது, 2004-லேயே திரும்பப் பெறப்பட்டுவிட்டது. ஆட்கொணர்வு மனு போட்டாலும் நீதிபதி "விருப்பப்பட்டுத்தான் இருக்கிறீர்களா?" என்று அவரையே கேட்பார். கோவைப் பக்கம் ஒரு யோக மையத்தில் தங்கிவிட்ட தன் இரு மகள்களுக்காக ஒரு தந்தை போட்ட வழக்கை 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் முடித்துவைத்ததும் அப்படித்தான்: வயது வந்தவர்கள், விருப்பத்தோடு இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பொருந்துவது பெற்றோருக்கும் பொருந்தும்.

அடித்தல், பூட்டிவைத்தல், மிரட்டிப் பணம் பறித்தல், பாலியல் தொல்லை இருந்தால் கதை வேறு. அது நேராகக் காவல் நிலைய விஷயம், மதம் அதில் வரவே வேண்டாம்.

ஆள்வைத்துத் தூக்கிவந்து அறையில் பூட்டி 'தெளிய வைக்கிற' யோசனையும் சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் 1970-களில் காசு வாங்கிக்கொண்டு இதைத் தொழிலாகவே செய்தார்கள். கடத்தல் வழக்கில் ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு, முன்னிலும் தீவிரமாகத் திரும்பிப் போனவர்களும் உண்டு.

பெரியப்பா ஒரு மத அமைப்பின் ஆட்களைக் கூட்டிவருகிறேன் என்கிறார்.

வேண்டாம். அவர்களுக்குத் தேவை உங்கள் அம்மா அல்ல, அவர் முகம் தெரிகிற ஒரு வீடியோ.

பூ, பொட்டு வைப்பதில்லை. தாலியைக் கழற்றிவிட்டார். தாத்தா திதிக்குச் சமைக்க மாட்டேன் என்கிறார். இதை எப்படிப் பொறுப்பது?

சொத்தைவிட இதுதான் வலிக்கிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வீட்டில், அரைநூற்றாண்டு காலம் ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றிய அம்மா, பூஜை அலமாரிப் படங்களை ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி, நியூஸ்பேப்பர் சுற்றி, மகள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். மகள் அன்றிரவு கோபத்தில் தூங்கவில்லை. எனக்கு அந்த நியூஸ்பேப்பர் கண்ணில் பட்டது. கண்ணாடி உடையக் கூடாதென்று ஒவ்வொன்றாகச் சுற்றியிருந்தார். தூக்கி எறியச் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள், அவர் எறியவில்லை.

வீட்டுச் சடங்குகளை நீங்கள் எடுத்து நடத்துங்கள். திதி அண்ணன் வீட்டில் நடக்கட்டும். அம்மாவை அழையுங்கள், வந்து ஓரமாக உட்கார்ந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. பிரசாதத்தை வாயில் திணித்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். அவருக்கென்று தனியாக ஒரு கிண்ணம் பாயசம் படைப்பதற்கு முன்பே எடுத்துவைத்தால் முக்கால்வாசிப் பேர் சாப்பிட்டுவிடுகிறார்கள்.

தங்கைக்கு வரன் பார்க்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வதா, மறைப்பதா?

சொல்லிவிடுங்கள், முதல் போனிலேயே. "அம்மா இப்ப ஒரு சபைக்குப் போறாங்க, நாங்க எப்பவும் போலத்தான் இருக்கோம்" என்றால் போதும். ஜாதகம் வாங்கிய பிறகு தெருவில் விசாரித்துத் தெரிந்துகொண்டால் நீங்கள் மறைத்தது மட்டும்தான் பேச்சாகும். அம்மாவிடமும் முன்கூட்டியே பேசுங்கள்: மண்டபத்துக்கு வருவாரா, தாரைவார்க்கும்போது மேடையில் நிற்பாரா, நிற்காவிட்டால் யார் நிற்பது. சித்தியும் சித்தப்பாவும் நின்று நடந்த கல்யாணங்கள் ஊரில் ஆயிரம். நலுங்கு வைக்காவிட்டாலும் சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்கிற வேலையைக் கொடுத்தால் பல அம்மாக்கள் அதை மனநிறைவோடு செய்கிறார்கள்.

பேரனை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கூட்டத்துக்கு அழைத்துப் போகிறார், பேய், நரகம் என்று பயமுறுத்துகிறார்.

ஒன்பது மணிக்கு நாம் வேலைக்குப் போக வேண்டும், கிரெஷ் கட்டணம் கையைக் கடிக்கிறது, அம்மா இல்லாமல் முடியாது. ஆகவே கண்டும் காணாமல் இருந்துவிடுகிறோம், பிறகு ஒருநாள் மொத்தமாக வெடிக்கிறோம். குழந்தைக்கு எந்த மதம் என்பதைப் பெற்றோர்தான் தீர்மானிக்க வேண்டும். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. கோபமில்லாமல் மூன்று விஷயங்களை மட்டும் சொல்லுங்கள்: கூட்டத்துக்கு அழைத்துப் போகக் கூடாது, தடுப்பூசி தவறக் கூடாது, பயமுறுத்தும் கதை கூடாது. பாட்டி ராத்திரி தன் பாட்டுக்கு ஜெபம் செய்வதையோ நாமம் சொல்வதையோ பையன் பார்ப்பதில் ஒன்றும் கெட்டுவிடாது. சொல்லியும் மீறினால் கிரெஷ்தான். கொஞ்சம் கடன் வாங்கியாவது.

அவர் மதம் மாறினால் எங்கள் சாதிச் சான்றிதழும் வாரிசுரிமையும் என்ன ஆகும்?

1950-ன் பட்டியல் சாதியினர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே அந்தப் பட்டியலில் வர முடியும். பட்டியல் சாதியில் பிறந்து கிறிஸ்தவராகும் ஒருவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். இது மாறியவரைப் பற்றியது. ஏற்கெனவே வயது வந்து உங்கள் மதத்திலேயே இருக்கும் உங்களுடைய சான்றிதழ் அம்மாவின் முடிவால் தானாக ரத்தாகாது.

வாரிசுரிமையும் போகாது. அப்பா கிறிஸ்தவராகி உயில் எழுதாமல் இறந்தால் 1925-ன் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. மாறியவர் தன் பெற்றோர் சொத்தில் உரிமை இழப்பதில்லை என்பது 1850-லேயே சட்டமானது.

அம்மா பிரம்மச்சரியம் என்று தனியறைக்குப் போய்விட்டார். அப்பா யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிறார்.

பிள்ளைகள் அம்மாவைச் சுற்றியே ஓடி, அப்பாவை மறந்துவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அவரைத் தினமும் வாக்கிங் கூட்டிப் போக ஒரு ஆள், ஒரு பழைய ஆபீஸ் நண்பர் போதும். மதமாற்றம் இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு ஒரு காரணம்தான், ஆனால் மாறியதால் மட்டும் திருமணம் தானாக முறிந்துவிடாது. எழுபது வயதில் எந்த அப்பாவும் அதைக் கேட்பதில்லை. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் அவ வீட்ல இருந்தா போதும்" என்றுதான் ஒருவர் என்னிடம் சொன்னார். அதை அம்மாவிடம் கேட்டு வாங்கிக் கொடுக்க முடிந்தது.

எனக்கே தாங்க முடியவில்லை. உயிரோடு இருக்கும் அம்மாவை இழந்த மாதிரி இருக்கிறது.

இழப்புதான் அது, சின்னதாக்கிச் சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்கிற அவமானமும் சேர்ந்துகொள்கிறது. அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதுதான் கூடுதல் வலி. முதலில் உடன்பிறந்தவர்கள் மட்டும் உட்கார்ந்து, மனைவி மாப்பிள்ளை இல்லாமல், யார் எதைப் பேசுவது என்று முடிவு செய்யுங்கள். தூக்கம் கெட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்கிற அளவுக்குப் போனால், 1986-லிருந்து சென்னையில் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

எப்போதாவது திரும்பி வருவாரா?

சிலர் வருகிறார்கள். நம் வாதத்தால் வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அங்கே யாராவது அவமானப்படுத்துவார்கள், கணக்கில் கோளாறு தெரியும், தலைவரின் மகன் கார் வாங்குவான், இவருக்கு உடம்பு முடியாதபோது ஒருவரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். அன்றைக்குப் போவதற்கு ஒரு வீடு இருக்க வேண்டும். "நான் அப்பவே சொன்னேன்" என்ற வார்த்தை காத்திருக்கும் வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள்.

இந்த ஊரிலேயே நடந்த கதை ஒன்று உண்டு. தன் இரு மகன்களை அடையாற்றில் இருந்த தியாசபிகல் சொசைட்டியிடமிருந்து மீட்க ஒரு தந்தை 1912-ல் அதன் தலைவி அன்னி பெசன்ட் மீது வழக்குப் போட்டார். மெட்ராஸ் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார், லண்டன் பிரிவி கவுன்சிலில் 1914-ல் தோற்றார். அந்த இருவரில் மூத்தவரை உலக குருவாக்கவே சொசைட்டியில் வளர்த்தார்கள். அந்த மகன் ஜே. கிருஷ்ணமூர்த்தி, தனக்காக உருவாக்கப்பட்ட அமைப்பை 1929-ல் தானே கலைத்தார். கோர்ட்டால் முடியாதது அது.

வராமலேயே அங்கேயே நிம்மதியாக இருக்கிறவர்களும் உண்டு. மாத்திரை ஒழுங்காக எடுக்கிறார், வீடு அவர் பேரில் இருக்கிறது, பேரன் பிறந்தநாளுக்கு வருகிறார் என்றால், மீட்பதற்கு என்று ஒன்றும் இல்லை.

இறந்தபின் அடக்கமா தகனமா என்று சண்டை வருமே?

வரும், அதுவும் சடலத்தை வைத்துக்கொண்டு. சபைக்காரர்கள் பெட்டியோடு வருவார்கள், பங்காளிகள் பாடையோடு நிற்பார்கள். அவர் நன்றாக இருக்கும்போதே கேளுங்கள், வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு வாங்கிவையுங்கள். அடக்கம்தான் வேண்டும் என்றால் எங்கே என்பதையும் கேளுங்கள். சிறிய சபைகளுக்குச் சொந்தக் கல்லறை இருக்காது, மற்ற சபைக் கல்லறைகளில் உறுப்பினர் அல்லாதவருக்கு இடம் கிடைப்பது கஷ்டம், மாநகராட்சி மயானம்தான் கடைசி வழியாக இருக்கும். யாரைக் கூப்பிட வேண்டும், அவர் போன் நம்பர் என்ன என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நகல் பீரோவில், ஒன்று மூத்த பிள்ளையிடம், ஒன்று அந்தப் பாஸ்டரிடமோ சாமியாரிடமோ.